சக்கரங்களின்மேல் ஒரு படுக்கையறை

உண்ண உணவும் உடுக்க உடையும் எவ்வளவு இன்றியமையாதனவோ, அவ்வளவு இன்றியமையாதது இரவில் தலைசாய்க்க ஓர் இடம். வீட்டில் உறங்குவோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. தொழிலின் பொருட்டு வெளியில் இரவைக் கழிப்போரே இதன் அருமையை அறிவர். நம் சங்கங்களின் அங்கத்தினர்களில் இத்தகையோர் இரு சாரார். விளைந்த பயிரைக் காக்க வயலிலேயே படுக்கும் விவசாயிகள் ஒரு சாரார். துணி மூட்டைகளோடு கண்காட்சிக்கும் சந்தைக்கும் சென்று, கடையின் தரையிலேயே படுத்தெழும் நெசவாளர்கள் மற்றொரு சாரார். இவ்விரு சாராரிலும் ஒவ்வொருவர் சேர்ந்து செய்துகொண்ட ஒரு சிறு வண்டியைப் பற்றியதே இக்கட்டுரை.

தேவை பிறந்த கதை

சங்கக் கணக்குகளைப் பார்வையிடும் பொருட்டு எம். புதுப்பட்டிக்கு நான் அடிக்கடி செல்வதுண்டு. அங்கே மக்காச்சோளம் பயிரிடும் அங்கத்தினர் ஒருவர் இருக்கிறார். கதிர் முற்றும் தை மாதத்தில் காட்டுப்பன்றிகள் இறங்கிவிடும். ஓர் இரவு காவல் தவறினாலும், மறுநாள் காலையில் பாதி வயல் மிதிபட்டுக் கிடக்கும். அவருடைய தம்பி அவ்வாறு காவலுக்குச் சென்று வரப்பில் பாய் விரித்து உறங்கியபோது, கட்டுவிரியன் தீண்டி இறந்துபோனார். கட்டுவிரியனின் கடி பெரும்பாலும் வலிப்பதில்லை. உறங்குகின்றவன் உணர்வதற்குள் நஞ்சு உடலெங்கும் பரவிவிடுகிறது. அன்றுமுதல் அவருடைய மனைவியார் அவரைத் தரையில் படுக்க விடுவதில்லை. பரண் கட்டலாமெனில், நிலமோ நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கிறது. ஒரு பரண் நான்கு வயலுக்கும் நடந்து வருமா?

"நடந்து வரும்படி செய்தால் என்ன?" என்று கேட்டவன் பாலிடெக்னிக்கில் பயிலும் அவருடைய மகன்.

புதிய எண்ணம் அன்று

சக்கரத்தின்மேல் உறங்குவது நமக்குப் புதிதன்று. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலின் ஆடித் திருவிழாவுக்கு நம் முன்னோர் எவ்வாறு சென்றனர்? மூங்கிற் பாயால் கூண்டு கட்டிய மாட்டுவண்டியில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் சமுக்காளத்தை விரித்து, குழந்தை குட்டிகளோடு சென்றனர். வண்டியே அவர்களுக்கு வீடு. வண்டியின் நிழலே அடுப்படி.

நம் காலத்தில் இதனை வேறொரு வகையில் செய்து காட்டியவர் நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் அருண் பிரபு. 2019-ஆம் ஆண்டில் ஒரு பழைய ஆட்டோ ரிக்ஷாவின்மேல் 36 சதுர அடி இடத்தில் படுக்கை, அடுப்படி, குளியலிடம் ஆகியவை அடங்கிய குடிலை அவர் அமைத்தார். பெரும்பாலும் கழிபொருள்களைக் கொண்டே கட்டியதால், செலவு ஏறத்தாழ ஒரு லட்ச ரூபாயில் அடங்கியது. 250 லிட்டர் நீர்த்தொட்டியும், 600 வாட் சூரிய மின்தகடும் அதில் உண்டு. திருகாணிகளைக் கழற்றினால் குடில் வேறு, வண்டி வேறு. 2021-இல் தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா பாராட்டிய பின்னர் நாடெங்கும் அது பேசப்பட்டது.

அமெரிக்க நாட்டிலோ 1930-களிலேயே இத்தகைய வண்டிகளை மக்கள் தங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே செய்யத் தொடங்கினர். முன்புறம் உருண்டு பின்புறம் சரிந்திருப்பதால் அவற்றிற்குக் கண்ணீர்த்துளி வண்டி என்று பெயர். காற்றைக் கிழித்துச் செல்ல அவ்வடிவம் உதவுகிறது. உள்ளே இருவர் படுக்கலாம், நிற்க முடியாது. பின்புற மூடியைத் தூக்கினால் அங்கே சமையலிடம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், விமானத் தொழிலில் எஞ்சிய அலுமினியத் தகடுகள் இவ்வண்டிகளுக்குக் கூரையாயின. 1947-இல் மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் என்னும் இதழ் இதற்கான செய்முறையை வெளியிட்டது.

அருண் பிரபுவின் குடில் தானே ஓடுவது; நம் இளைஞன் விரும்பியதோ இழுத்துச் சென்று வயலில் விட்டுவிடக்கூடியது. ஆதலின் அவன் துளி வடிவத்தையே தேர்ந்தான். செலவில் பாதியைத் தாம் ஏற்பதாகச் சுந்தரபாண்டியத்து நெசவாள நண்பர் ஒருவர் முன்வந்தார். தீபாவளிக் கண்காட்சி நாட்களில் வண்டி அவருக்கு. கதிர் முற்றும் நாட்களில் விவசாயிக்கு.

செய்த முறை

ஒட்டுப்பலகை கடையில் 8 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்டதாகக் கிடைக்கிறது. வண்டியின் அளவை நிர்ணயிப்பது இதுவே. பக்கச் சுவர் ஒவ்வொன்றையும் ஒரே பலகையில் துளி வடிவமாக வெட்டிக்கொண்டால் நடுவில் இணைப்பு வராது. இணைப்பு இல்லாவிடில் ஒழுக்கும் இல்லை. தண்ணீரைத் தாங்கும் பலகையையே வாங்குதல் வேண்டும். மலிவுப் பலகை ஒரு மழைக்கே ஏடு ஏடாகப் பிரிந்துவிடும்.

முதலில் சதுர இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் சட்டம் அமைத்தனர். அதன்கீழ் அச்சும், பட்டைவில்லும், இரு சக்கரங்களும். செலவில் பெரும்பகுதி இவற்றிற்கே ஆயிற்று. இங்கே சிக்கனம் பார்த்தலாகாது. சட்டத்தின்மேல் தளப்பலகை, அதன் இருபுறமும் சுவர்கள், சுவரிலிருந்து சுவருக்கு ஓரடிக்கு ஒன்றாக மரச்சட்டங்கள், விலா எலும்புகளைப் போல. அவற்றின்மேல் மெல்லிய பலகையை நனைத்து வளைத்து ஆணியடித்தனர்.

கூரைக்குத் தகடு வேண்டுமே! இங்கேதான் சிவகாசி கைகொடுத்தது. ஆப்செட் அச்சகங்களில் ஒரு முறை பயன்பட்ட அலுமினியத் தகடுகள் எடைக்குக் கிடைக்கின்றன. அவை துருப்பிடியா; ஆனால் மெல்லியவை, ஆதலின் அடியில் பலகையின்றி நில்லா. மேல் தகட்டின் விளிம்பு கீழ்த் தகட்டின்மேல் படியுமாறு, ஓடு வேய்வதுபோல் அவற்றை அடித்தனர். தகட்டுக்கும் பலகைக்கும் இடையே விரல் பருமன் இடைவெளி விட்டதால் வெயிலின் சூடு நேரே உள்ளே இறங்குவதில்லை. ஆப்செட் தகட்டில் எழுத்து நேராகவே இருக்கும். ஆகவே, வெள்ளை வர்ணம் பூசுவதற்கு முன்னர் அக்கூரையில் ஒரு பழைய நாட்காட்டியின் கிழமைகளையும் அமாவாசையையும் நான் படித்துப் பார்த்தேன்!

நேர்ந்த பிழை

வண்டி முடிந்ததும் அனைவர்க்கும் மகிழ்ச்சி. டிராக்டரின் பின்னே மெல்லச் சென்றபோது குறையொன்றும் தோன்றவில்லை. ஐப்பசியில் நெசவாளர் அதனைச் சிறு சரக்கு லாரியின் பின்னே பூட்டினார். பின்புறச் சமையலிடம் வசதியாக இருந்ததால் தண்ணீர்க் குடங்கள், அரிசி, சேலைக் கட்டு யாவும் அங்கேயே ஏறின. வத்திராயிருப்புச் சாலையில் சற்று வேகம் கூடியதும் வண்டி பாம்புபோல் நெளியத் தொடங்கியது. லாரியை நிறுத்துவதற்குள் அது சாலையைவிட்டு இறங்கி ஓடையில் கவிழ்ந்தது. சேலைகள் சேற்றில் நனைந்தன. உள்ளே எவரும் இல்லை. இருந்திருந்தால், ஒரு சாவைத் தவிர்க்கச் செய்த வண்டியே மற்றொரு சாவுக்குக் காரணமாகியிருக்கும்.

இளைஞன் மனம் உடைந்து, அடுத்த நாளே அதனைப் பிரித்துவிட எண்ணினான். அப்பொழுது வேடிக்கை பார்க்க வந்த முதியவர் ஒருவர், நாற்பதாண்டுகள் மாட்டுவண்டி ஓட்டியவர், வண்டியின் மூக்கை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பின்பாரம் ஏத்திட்டு வண்டியைக் குத்தம் சொன்னா எப்படி தம்பி? நுகத்தடி மேல தூக்கினா மாட்டுக்குக் கழுத்து இறுகும். கொஞ்சம் முன்பாரம் இருந்தாத்தான் வண்டி சொன்னபடி வரும்" என்றார்.

இன்றைய பொறியியலும் அதையேதான் கூறுகிறது. இழுவை வண்டியின் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை அதன் மூக்கின்மேல் அழுந்த வேண்டும். குறைந்தால் வால் ஆடும். சிவகாசி எடைமேடையில் நிறுத்தபோது சுமையோடு மொத்தம் 420 கிலோ. மூக்கை மட்டும் சங்கத்தின் தராசில் ஏற்றினோம். 15 கிலோவே காட்டியது! குறைந்தது 42 கிலோ இருந்திருக்க வேண்டும். அச்சைக் கழற்றி ஒரு சாண் பின்னே தள்ளிப் பொருத்தியபின் மூக்கின் எடை 46 கிலோ ஆயிற்று. தண்ணீர்க் குடங்கள் முன்புறம் சென்றன. அதன்பின் வண்டி நெளியவில்லை.

நினைவில் கொள்ளத்தக்கவை

இத்தகைய வண்டி செய்ய விரும்பும் அன்பர்களுக்குச் சில கூற விரும்புகிறேன்.

முதலாவது, சட்டம். மோட்டார் வாகனத்தின் பின்னே செல்லும் இழுவை வண்டியும் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி ஒரு வாகனமே. பதிவு செய்தல் வேண்டும். மரத்தை வெட்டுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வரைபடத்தைக் காட்டி, என்னென்ன விளக்குகளும் சான்றுகளும் வேண்டுமெனக் கேட்டறிதல் நலம். நம் இளைஞன் வண்டியை முடித்த பின்னர் சென்றான். இரு மாதங்கள் அலைந்தான்.

இரண்டாவது, வண்டி ஓடும்போது உள்ளே ஆள் இருத்தலாகாது.

மூன்றாவது, காற்று. மூடிய பெட்டிக்குள் அடுப்பையோ கரிச் சட்டியையோ வைத்துக்கொண்டு உறங்குவது சாவை அழைப்பதாகும். கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஒருபுறம் தாழவும் எதிர்ப்புறம் உயரவும் வலையடித்த துவாரங்கள் எப்பொழுதும் திறந்திருத்தல் வேண்டும். கதவுகள் இரு பக்கமும் வேண்டும்.

நான்காவது, தீ. எம். புதுப்பட்டி வட்டாரத்தார்க்குத் தீயைப் பற்றிப் பிறர் சொல்ல வேண்டியதில்லை. எனினும் கூறுகிறேன்: பட்டாசோ அதன் மருந்தோ இதனுள் ஒருபோதும் வைத்தலாகாது. உரிமமின்றி அவற்றை விற்பனைக்காக வைத்திருப்பது குற்றம். வைத்த இடத்திலேயே உறங்குவதோ அதனினும் பெரிய பேதைமை. சூட்டைத் தடுக்க வெண்ணுரைப் பலகை ஒட்டுவோரும் உண்டு. அது எளிதில் பற்றிக்கொள்ளும். காற்றிடைவெளியே போதுமானது.

"எலி வளையானாலும் தனி வளை" என்பது நம் பழமொழி. இங்கே தனி வளைகூட வேண்டியிருக்கவில்லை. இருவர் சேர்ந்து ஒரு வளை செய்துகொண்டனர். எவர் எந்த மாதம் பயன்படுத்துவது, பழுதுக்கு எவ்வளவு ஒதுக்குவது, கவிழ்ந்தால் நட்டம் யாருடையது என்பனவற்றை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டனர். முதல் இரண்டை நான் சொன்னேன். மூன்றாவதை ஓடை சொல்லிக்கொடுத்தது!

சென்ற தை மாதத்தில் ஒரு மாலை அவ்வழியே சென்றேன். கதிர் முற்றிய வயலோரம் வண்டி நின்றது. மூக்கின்கீழ் ஒரு கல் முட்டுக்கொடுத்திருந்தது. விவசாயியின் மனைவியார் தூக்குச்சட்டியில் இரவு உணவு கொண்டுவந்திருந்தார். கணவர் உள்ளே ஏறிப் படுத்து, வலைக்கதவின் தாழ்ப்பாள் விழும் ஓசையைக் கேட்ட பின்னரே அவர் வீட்டுக்குத் திரும்பினார்.