சர்வேபள்ளி: ஓர் இல்லப்பெயரின் தோற்றமும் பரவலும்

தமிழர் பெயர்களின் முன்னெழுத்து பெரும்பாலும் தந்தை பெயரைக் குறிக்கும்; சிலரிடத்து ஊர்ப்பெயரும் அதனோடு சேர்வதுண்டு. தெலுங்கு மரபில் அவ்விடத்தில் நிற்பது ‘இண்டிபேரு’ எனப்படும் இல்லப்பெயர். இது தந்தைவழியில் தலைமுறைதோறும் மாறாமல் தொடர்வது. இவ்விரு மரபுகளும் அருகருகே வழங்கும் எல்லைப்பகுதி திருத்தணி. 1888 செப்டம்பர் 5ஆம் நாள் அங்குப் பிறந்த எஸ். இராதாகிருஷ்ணனின் பெயர் இவ்வேறுபாட்டிற்குத் தக்க சான்றாகும்.

அவருடைய தந்தையார் வீராசாமி. தமிழ் மரபுப்படி முன்னெழுத்து ‘வீ.’ என அமைந்திருக்க வேண்டும். ஆனால் ‘எஸ்.’ என்பது நெல்லூர் மாவட்டத்துச் சர்வேபள்ளி என்னும் ஊரைக் குறிக்கிறது. முன்னோர் அவ்வூரை விட்டுத் தெற்கே குடிபெயர்ந்தபோது அதன் பெயர் இல்லப்பெயராய் உடன்வந்தது. அவர்தம் மகனும் வரலாற்றறிஞருமான கோபாலும் ‘எஸ். கோபால்’ என்றே அறியப்பட்டார். அது தந்தை பெயரின் முதலெழுத்தாயின் மகனுக்கு ‘இரா.’ அல்லது ‘ஆர்.’ என மாறியிருக்கும்.

தமிழில் இப்பெயர் ‘சர்வபள்ளி’ எனவும் எழுதப்படுகிறது. ‘சர்வ’ என்னும் பழகிய சொல்லின் சாயல் ஏறுவதால் ஊரின் அடையாளம் மங்குகிறது. ‘பள்ளி’ என்னும் ஈறு குடியிருப்பைக் குறிப்பது. திருச்சிராப்பள்ளி போன்ற தமிழக ஊர்ப்பெயர்களிலும் அதனைக் காணலாம்.

ஆந்திரத்து ஊர்ப்பெயர் பிற நிலங்களில் இல்லப்பெயராய் நிலைத்தமைக்கு வேறு சான்றுகளும் உள. கர்நாடகத்து முத்தேனஹள்ளியில் பிறந்த பொறியாளர் விசுவேசுவரையாவின் ‘மோட்சகுண்டம்’, திருவாரூரில் பிறந்த தியாகராசரின் ‘காகர்ல’ ஆகியன அத்தகையன.

இல்லப்பெயர் முன்னோர் புறப்பட்ட இடத்தைக் காட்டுமேயன்றிப் பிறந்த இடத்தைக் காட்டாது. ஓரூரிலிருந்து பல சமூகத்தார் பெயர்ந்திருக்கக் கூடுமாதலின், அப்பெயரொற்றுமை மட்டும் உறவுக்குச் சான்றாகாது. ஆட்சியெல்லை மாறினும் அது மாறுவதில்லை. சித்தூர் மாவட்டத்திலிருந்த திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அப்பொழுது குடியரசுத் துணைத்தலைவராயிருந்த இராதாகிருஷ்ணனின் ‘எஸ்.’ நெல்லூர் மண்ணையே சுட்டி நின்றது.

எனவே எல்லைப்பகுதி ஆவணங்களையும் நூற்பட்டியல்களையும் ஆராய்வோர், முன்னெழுத்தைத் தந்தை பெயரெனக் கொண்டு விரித்தல் பிழையான மரபுவழிகளுக்கு இட்டுச்செல்லும். அடுத்தடுத்த இரு தலைமுறைப் பெயர்களை ஒப்புநோக்குதல் அதற்குரிய எளிய சோதனையாகும்.