ஊர் மூழ்கியது, படிப்பு பிழைத்தது!

அன்று சனிக்கிழமை. 2005-ம் ஆண்டு, ஆகஸ்டு மாதம் 27-ந்தேதி.

அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் என்று ஒரு பெரிய நகரம். அங்கே துலேன் பல்கலைக்கழகம் இருக்கிறது. அன்று அங்கு ஒரே கூட்டம்! புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் விடுதிக்கு வந்துகொண்டு இருந்தார்கள். பெட்டி, படுக்கைகளைப் பெற்றோர் தூக்கி வந்தார்கள்.

பெட்டியை இறக்கி வைத்து மூச்சு விடுவதற்குள் செய்தி வந்தது. புயல் வருகிறது, எல்லோரும் உடனே ஊரைவிட்டுப் புறப்பட வேண்டும்!

வந்த காரிலேயே பலர் திரும்பினார்கள். பெற்றோர் உடன் வராத பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

அவர்களுக்கும் முன்பே ஏற்பாடு இருந்தது. வரிசையாகப் பஸ்கள் வந்து நின்றன. சுமார் 600 மாணவர்கள் அவற்றில் ஏறினார்கள். பக்கத்து மாகாணத்தில் ஜாக்சன் என்ற ஊர். அங்குள்ள ஒரு பல்கலைக்கழகம் அவர்களுக்கு இடம் கொடுத்தது.

சில நாளில் திரும்பி விடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அவர்கள் திரும்பி வர நாலரை மாதத்துக்கு மேல் ஆயிற்று!

கிண்ணம் போன்ற ஊர்

நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் ஒரு பக்கம் மிஸ்ஸிஸிப்பி ஆறு. மறுபக்கம் பெரிய ஏரி. நகரத்தின் பல பகுதிகள் கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்தவை. கிண்ணம் போன்ற ஊர் என்று சொல்லலாம். தண்ணீர் உள்ளே வராமல் சுற்றிலும் கரை கட்டி இருந்தார்கள்.

29-ந்தேதி திங்கட்கிழமை காலையில் "கத்ரீனா" புயல் தாக்கியது. கரைகள் உடைந்தன. நகரத்தில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீரில் மூழ்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் பலியாயின.

பல்கலைக்கழகமும் தப்பவில்லை. ஆற்றுக்கு அருகே உள்ள முன்பகுதி சற்று மேடு. அங்கே தண்ணீர் ஏறவில்லை. பின்பகுதி முழுவதும் வெள்ளம்! சுமார் 70 சதவீத இடம் நீரில் நின்றது.

தங்கிய தலைவர்

பல்கலைக்கழகத்தின் தலைவர் ஸ்காட் கோவன். அவர் ஊரை விட்டுப் போகவில்லை. சிலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அங்கேயே தங்கினார்.

மின்சாரம் நின்றது. டெலிபோன் நின்றது. சுற்றிலும் தண்ணீர். நாலு நாள் அப்படியே கழிந்தது. கடைசியில் படகில் ஏறி வெளியே வந்தார். பிறகு ஹூஸ்டன் நகரம் போய்ச் சேர்ந்தார்.

அங்கே ஓர் ஓட்டல்தான் பல்கலைக்கழகத்தின் தலைமை அலுவலகம் ஆயிற்று. கட்டிடம் இல்லை, வகுப்பு இல்லை, மாணவர்கள் நாலா திசையிலும் சிதறிக் கிடந்தார்கள். ஆனாலும் பல்கலைக்கழகம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதுதான் அவர்கள் முன் நின்ற வேலை.

சம்பளம் எங்கே?

முதல் கவலை சம்பளம். ஊழியர்களில் பலர் வீட்டை இழந்து நின்றார்கள். கையில் காசு இல்லாவிட்டால் குடும்பம் என்ன ஆகும்?

சம்பளக் கணக்கு முழுவதும் கம்ப்யூட்டரில் இருந்தது. அதன் நகல் நாடாக்களில் பதிவாகி இருந்தது. நாடாக்களோ வெள்ளத்தில் கிடந்த நகரத்தில், ஓர் உயரமான கட்டிடத்தில் இருந்தன! கணக்கைத் தொடர்ந்து பார்க்க வெளியூரில் வேறு கம்ப்யூட்டர் நிலையமும் இல்லை. போட்ட திட்டத்தில் இது பெரிய ஓட்டை.

சில ஊழியர்கள் துணிந்தார்கள். போலீஸ் துணையுடன் நகரத்துக்குள் போனார்கள். நாடாக்களை எடுத்து வந்தார்கள். வெளியூரில் கணக்கு நடந்தது. சம்பளம் போயிற்று!

அந்தப் பருவம் முழுவதும் கல்லூரி மூடிக் கிடந்தது. ஆயினும் முழுநேர ஊழியர்களுக்குத் தொடர்ந்து சம்பளம் கொடுத்தார்கள்.

இன்னொரு ஓட்டையும் தெரிந்தது. ஊழியர்களின் கைப்பேசிகள் எல்லாம் அந்த ஊர் எண்கள். கோபுரங்கள் விழுந்ததும் பேச முடியவில்லை. எழுத்துச் செய்தி மட்டும் சில வேளை போயிற்று. யார் எங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு ஆகிவிட்டது.

கைகொடுத்த கல்லூரிகள்

மாணவர்களின் படிப்பு என்ன ஆயிற்று? இங்கேதான் ஓர் அதிசயம் நடந்தது.

நாடு முழுவதும் சுமார் 600 கல்லூரிகள் கதவைத் திறந்தன. துலேன் மாணவர்களை விருந்தாளிகளாகச் சேர்த்துக்கொண்டன. அவர்களைத் தங்கள் மாணவர்களாகவே ஆக்கிக்கொள்ளவில்லை. புயல் ஓய்ந்ததும் அவர்கள் சொந்தக் கல்லூரிக்குத் திரும்ப வேண்டும் என்பதே ஏற்பாடு. துலேனில் கட்டிய சம்பளம் துலேனுக்கே இருக்கட்டும் என்று பல கல்லூரிகள் விட்டுக்கொடுத்தன.

டாக்டர் படிப்பு படிப்பவர்களை ஹூஸ்டனில் உள்ள மருத்துவக் கல்லூரி ஏற்றுக்கொண்டது. செப்டம்பர் மாதத்திலேயே அங்கே பாடம் தொடங்கி விட்டது. ஆசிரியர்களும் அங்கே போய்ப் பாடம் நடத்தினார்கள்.

நனைந்த நூலகம்

நூலகத்தின் நிலவறையில் தண்ணீர் புகுந்துவிட்டது. இசை நூல்கள், அரசு ஆவணங்கள், மைக்ரோபிலிம் சுருள்கள் எல்லாம் நனைந்தன.

நனைந்த தாளை அப்படியே விட்டால் பூஞ்சைக்காளான் பிடிக்கும். பிடித்தால் போயிற்று! ஆகவே காப்பாற்றக்கூடியவற்றை எடுத்துக் குளிரில் உறைய வைத்தார்கள். பனிக்கட்டி ஆனபின் பூஞ்சை வளராது. பிறகு ஈரத்தை மெல்ல மெல்ல வெளியேற்றினார்கள். பல நூல்கள் பிழைத்தன. போனவையும் ஏராளம்.

மீண்டும் திறந்தது

2006-ம் ஆண்டு ஜனவரி 17-ந்தேதி பல்கலைக்கழகம் திறந்தது. பத்தில் எட்டு மாணவர்களுக்கு மேல் திரும்பி வந்தார்கள்!

அதற்குள் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. நகரத்தில் குடியிருக்க வீடு இல்லை. ஒரு கப்பலை அமர்த்தி அதில் தங்க வைத்தார்கள். ஆசிரியர்களின் குழந்தைகள் படிக்கப் பள்ளிக்கூடம் வேண்டுமே? அருகே இருந்த ஒரு பள்ளியைத் திறக்கவும் பல்கலைக்கழகம் உதவியது. குழந்தைக்குப் பள்ளிக்கூடம் இல்லாத ஊருக்கு எந்தத் தாய் திரும்பி வருவாள்?

இழந்த பருவத்தை ஈடுகட்ட, கோடையில் கூடுதலாக ஒரு பருவம் பாடம் நடத்தினார்கள். கடைசி ஆண்டு மாணவர்கள் உரிய காலத்தில் பட்டம் பெற அது உதவியது.

ஆனால் எல்லோருக்கும் நல்ல முடிவு வரவில்லை. நஷ்டம் 60 கோடி டாலருக்கு மேல். செலவைக் குறைக்க, 2005 டிசம்பரில் பல பொறியியல் துறைகளை மூடுவதாக அறிவித்தார்கள். 200-க்கு மேற்பட்ட ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். அதைப் பேராசிரியர் சங்கம் கண்டித்தது. பல்கலைக்கழகம் பிழைத்தது, அதற்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள்.

பாடம் கற்ற பல்கலைக்கழகம்

அடி பட்டபின் துலேன் பாடம் கற்றுக்கொண்டது. நூலகத்தின் மேல் புதிதாக இரண்டு மாடிகள் கட்டினார்கள். புயல் வந்தால் எங்கே போவது, எப்படிப் போவது என்று ஒவ்வொரு மாணவரும் முன்கூட்டியே திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள்.

அதற்குச் சோதனையும் வந்தது. 2021-ம் ஆண்டு, அதே ஆகஸ்டு 29-ந்தேதி "ஐடா" என்ற புயல் தாக்கியது. மின்சாரம் போயிற்று. விடுதியில் இருந்த மாணவர்களைப் பஸ்களில் ஏற்றி ஹூஸ்டனுக்கு அனுப்பினார்கள். தங்க இடமும் சாப்பாடும் தயாராக இருந்தன. சுமார் இரண்டு வாரத்தில் இணையத்தின் மூலம் பாடம் தொடங்கிற்று. ஒரு மாதத்துக்குள் மாணவர்கள் வகுப்புக்குத் திரும்பினார்கள்.

முன்பு நாலரை மாதம். பின்பு ஒரே மாதம்! கரைகள் இந்தமுறை நகரத்தைக் காத்தன என்பதும் உண்மை. ஆனால் முன்னேற்பாடும் கைகொடுத்தது.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது பழமொழி. அணை என்றால் மண்கரை மட்டும் அல்ல. முக்கியமான காகிதத்துக்கு வெளியூரில் ஒரு நகல். உறவினரின் டெலிபோன் எண். பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்ற பேச்சு - இவையும் அணைதான். பல்கலைக்கழகத்துக்குப் பொருந்துவது வீட்டுக்கும் பொருந்தும்.