காருக்கு வெளியே ஒரு வேலை

ஓட்டுநரில்லா கார் நிறுவனங்களில் மென்பொருள் பொறியாளர்கள் இரண்டு வகை. பிரேக்கை எப்போது அழுத்துவது, எப்போது திரும்புவது என்று காருக்குள் முடிவெடுக்கும் நிரலை எழுதுகிறவர்கள் ஒரு வகை. அந்த நிரலைச் சோதிக்கவும் திருத்தவும் வேண்டிய ஏற்பாடுகளைச் செய்து தரும் உள்கட்டமைப்புப் பொறியாளர்கள் இன்னொரு வகை. பேர் என்னவோ முதல் வகையினருக்குத்தான். இரண்டாவது வேலைக்கு ரோபோ படிப்பு கட்டாயமில்லை. கிளவுட், தரவுச் சேமிப்பு, வீடியோ கேம் துறைகளில் இருந்தவர்களுக்கும் இடமுண்டு.

கார் ஓடும்போது கேமரா, ரேடார், லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லைடார் ஆகியவை எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டே இருக்கும். 2019இல் வேமோ நிறுவனம் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்ட தொகுப்பில் 20 நொடித் துண்டுகள் 1,000 இருந்தன. ஐந்தரை மணி நேர ஓட்டம்தான், ஆனால் 2 லட்சம் காட்சிகள். தினமும் ஓடும் கார்களின் பதிவுகளைச் சர்வரில் சேர்த்து, 'திரும்பும்போது குறுக்கே சைக்கிள் வந்த இடங்கள்' என்று கேட்டதும் எடுத்துத் தருவது உள்கட்டமைப்புப் பொறியாளர்களின் பொறுப்பு.

அடுத்தது, கணினிக்குள்ளேயே காரை ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர். கூகுள் 2009இல் தொடங்கிய ஓட்டுநரில்லா கார் திட்டமே 2016இல் வேமோ ஆனது. அதன் சிமுலேட்டரான 'கார்கிராஃப்ட்', சாலையில் நடந்ததை மறுபடி ஓட்டிப் பார்க்கும் கருவியாகப் பிறந்து, 25,000 கற்பனைக் கார்கள் நாளுக்கு 80 லட்சம் மைல் ஓடும் உலகமாக வளர்ந்தது. அரிசோனாவின் மெசா நகரில் மஞ்சள் அம்புக்குறி மின்னும் ஒரு சந்திப்பு. எதிர்வண்டிக்கு வழிவிட்டு இடப்பக்கம் திரும்ப வேண்டும். நமக்கு வலப்பக்கம் திரும்புவது எப்படியோ அப்படி. அந்த ஒரே சந்திப்பை அப்படியே உருவாக்கி, எதிர்வண்டியின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், பாதசாரிகளை நுழைத்தும் ஆயிரக்கணக்கான விதங்களில் ஓட்டினார்கள். நிரலில் ஒரு மாற்றம் செய்தாலும் பழைய காட்சிகளில் அது தடுமாறுகிறதா என்று பார்த்த பிறகே அந்த நிரல் காருக்குப் போக வேண்டும்.

2018 மார்ச் 18 இரவு, அரிசோனாவின் டெம்பி நகரில் உபரின் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணின் மீது மோதியது. அவர் இறந்தார். மோதுவதற்கு 5.6 நொடி முன்பே கார் அவரைக் கண்டுகொண்டது என்பதை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. வாகனம், வேறு பொருள், சைக்கிள் என்று மாற்றி மாற்றி வகைப்படுத்திய மென்பொருள், வகை மாறும்போதெல்லாம் அவர் அதுவரை நகர்ந்த தடத்தைக் கைவிட்டது. பாதசாரிகள் கடக்கும் கோடு இல்லாத இடத்தில் ஒருவர் நடந்து கடக்கலாம் என்பதே அதன் வடிவமைப்பில் இல்லை. கார் தெருவில் இறங்கும் முன் சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டிய காட்சி அது.