ஒலிவினைகளின் பொருள் விரிவு: ஆங்கில ‘ரிங்’கும் தமிழ் ‘அடி’யும்

ஆங்கிலத்தின் ‘ரிங்’ என்னும் வினைக்கு நேராக ‘ஒலி’ என்னும் தமிழ் வினையை வைப்பது எளிது. ஆனால், பேச்சுவழக்கு அதனை எப்போதும் ஏற்பதில்லை. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய சென்னைத் தென்புறநகர்ப் பகுதிகளில் பள்ளியில் மணி அடிக்கிறது; ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார்; நடத்துநர் விசில் அடிக்கிறார்; காலையில் அலாரம் அடிக்கிறது. பிற வட்டாரங்களிலும் காணப்படும் இவ்வழக்கு, ‘அடி’ என்னும் வினையின் பொருள் விரிவை விளக்கப் போதிய சான்றாகும்.

மணியை அடிப்பதில் புடைத்தல் என்னும் அடிப்படைப் பொருள் உண்டு. ஹாரன் அழுத்தப்படுவது, விசில் ஊதப்படுவது. இவற்றில் புடைத்தல் இல்லை. ஒலி எழுப்புதல் மட்டுமே எஞ்சுகிறது. ‘அலாரம் அடித்தது’ என்னும் தொடரில் அடிப்பவரும் இல்லை. செயப்படுபொருள் குன்றா வினையாகிய ‘அடி’, இங்கே செயப்படுபொருள் குன்றிய வினையாக நிற்கிறது.

தொலைபேசி வழக்கு மேலும் நுட்பமானது. அழைப்பைப் பெறுபவரிடத்தில் ‘போன் அடிக்கிறது’. அழைப்பவர் காதில் ‘ரிங் போகிறது’. ஆங்கிலம் இரண்டிற்கும் ‘ரிங்’ என்பதையே ஆள, தமிழ் வழக்கு கேட்போர் நிற்கும் இடத்திற்கேற்ப வினையை மாற்றுகிறது. கடன்பெற்ற ‘ரிங்’ தமிழில் பெயராகி, ‘போ’ என்னும் வினையை ஏற்றிருப்பதும் நோக்கத்தக்கது.

மரபுத்தொடர்களில் இருமொழிகளும் வேறு வழிகளில் செல்கின்றன. நாணயத்தைத் தட்டி, அதன் ஓசையால் தரம் அறிந்த வழக்கத்தையொட்டி, உண்மையெனத் தோன்றுவதை ஆங்கிலம் ‘ரிங் ட்ரூ’ என்கிறது. அதனை ‘உண்மையாக ஒலிக்கிறது’ எனப் பெயர்த்தால் அந்த நாணயச் சோதனை மறைந்துவிடும். தமிழில் மரபுப் பொருளை வரையறுப்பது பெரிதும் கருவிப்பெயரே. பாடுவோரைப் பின்தொடரும் ஜால்ரா முகத்துதியையும், செய்தி பரப்பும் தம்பட்டம் தற்பெருமையையும், சாவுமணி ஒன்றன் முடிவையும் குறிக்கின்றன. மூன்றிலும் வினை ‘அடி’ ஒன்றே.

ஆகவே, ‘போன் அடி’ என்பதைக் கொச்சையென ஒதுக்குவது பொருந்தாது. அது மணியிலிருந்து தொலைபேசி வரை ஒழுங்காக விரிந்த வினைப்பொருளின் ஒரு கட்டமாகும். மொழிபெயர்ப்புப் பாடத்திலும் அகராதி ஆக்கத்திலும் ஒலிவினையைத் தனித்துப் பொருள்கொள்ளாது, அதனுடன் வரும் பெயரோடும் கேட்போர் நிலையோடும் சேர்த்தே பொருள்கொள்ளுதல் வேண்டும்.