லேப்டாப்பில் ஓகே, சின்ன போர்டில் மட்டும் 'வார்னிங்': ஏன்?

பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பசாரில் உள்ள ஒரு கடைக்கு நீங்கள் எல்இடி பெயர்ப் பலகை செய்து தருவதாக வைத்துக்கொள்வோம். பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி ஓட வேண்டும். சி மொழியில் புரோகிராம் எழுதி, இன்டெல் சில்லு உள்ள லேப்டாப்பில் ஓட்டினீர்கள். எல்லாம் சரி. பலகைக்குள் இருக்கும் ராஸ்பெர்ரி பை போர்டுக்கு கம்பைல் செய்தால் மட்டும் ஓர் எச்சரிக்கை: 'இந்த ஒப்பீடு எப்போதுமே பொய்.' ஆனால் தானியங்கிச் சோதனைகள் எல்லாம் 'பாஸ்'.

"வார்னிங்தானே, எரர் இல்லையே" என்று விட்டுவிடத் தோணும். விட்டால் பலகையில் தமிழ்ப் பெயர் குளறுபடியாகலாம்.

எச்சரிக்கை காட்டும் வரியைப் பாருங்கள். 'பைட்டின் மதிப்பு பூஜ்ஜியத்தை விடக் குறைவா? அப்படியானால் அது தமிழ்' என்று எழுதியிருக்கிறீர்கள். யூடிஎஃப்-8 முறையில் 'க' என்ற எழுத்துக்கு 3 பைட்டுகள். முதல் பைட் 224. சி மொழியின் 'சார்' வகை 8 பிட் கொண்டது. அதில் மைனஸ் எண்கள் உண்டா இல்லையா என்பதை சி மொழியின் தரநிலை கம்பைலரிடமே விட்டுவிட்டது. இன்டெல் கணினிகளில் உண்டு. அங்கே 224 என்பது -32 ஆகத் தெரியும். ஆர்ம் சில்லில் ஓடும் லினக்ஸில் இல்லை. அங்கே 224 என்றால் 224தான். ஆகவே உங்கள் நிபந்தனை அங்கே ஒருபோதும் நிறைவேறாது. தமிழையும் ஆங்கிலம் என்றே நினைத்து பைட் பைட்டாக வெட்டும்.

அப்புறம் சோதனைகள் எப்படி பாஸ் ஆயின? சோதனைக்குக் கொடுத்த பெயர்கள் எல்லாம் ஆங்கிலம். ஆங்கில எழுத்துகள் 127-ஐத் தாண்டுவதில்லை. (நம்மில் பலர் செய்யும் தப்பு இது!)

காரணம் இதுதானா என்று உறுதிசெய்ய அந்த போர்டுகூட தேவையில்லை. ஜிசிசி கம்பைலரில் 'சார்' வகைக்கு மைனஸ் வேண்டாம் என்று சொல்லும் விருப்பம் இருக்கிறது. அதைப் போட்டு லேப்டாப்பிலேயே கம்பைல் செய்யுங்கள். அதே எச்சரிக்கை வந்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். வராவிட்டால் பைட் வரிசை, 32 பிட்டா 64 பிட்டா என்ற வேறுபாடுகளைச் சந்தேகிக்கலாம். அவற்றுக்கு வேறு வகைக் கணினியைப் போல நடிக்கும் கியூஎமு உதவும். டெபியன் லினக்ஸ் திட்டம் தன் மென்பொருள்களை ஐபிஎம் மெயின்ஃபிரேம் வரை பல வகைக் கணினிகளுக்குத் தானாகவே கம்பைல் செய்கிறது. "மெயின்ஃபிரேம் யார் வச்சிருக்கா?" என்று கேட்கலாம். ஆனால் அங்கேயும் 'சார்' வகைக்கு மைனஸ் கிடையாது. உங்கள் பலகையின் பிழை அங்கேயே தெரிந்திருக்கும்.

திருத்தம் சின்னதுதான்: பைட்டை மைனஸ் இல்லாத வகையாக வெளிப்படையாக அறிவித்து, '128 அல்லது அதற்கு மேலா?' என்று கேளுங்கள். சோதனையில் ஒரு தமிழ்ப் பெயரையும் சேருங்கள்.

இந்தத் தொல்லை பெரியவர்களையும் விட்டதில்லை. 2023 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் கெர்னல் 6.2 முதல், எந்தச் சில்லாக இருந்தாலும் கெர்னலுக்குள் 'சார்' மைனஸ் இல்லாததாகவே கம்பைல் செய்யப்படுகிறது.