சர்க்கரைக்கும் ஒரு சிட்டை வேண்டும்

முப்பத்தைந்து ஆண்டுகளாக வெல்ல மண்டி நடத்தி வருகிறேன். அதில் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயாளி. வெல்ல வியாபாரிக்குச் சர்க்கரை வந்ததில் என்ன ஆச்சரியம் என்று கேலி செய்பவர்கள் உண்டு. நான் சொல்ல வந்தது வேறு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், பொங்கல் சரக்கு இறங்கிக்கொண்டிருந்த நேரம். அச்சு வெல்லத்தை உடைத்துப் பதம் பார்த்த கையை வேட்டியில் துடைத்துவிட்டு, கல்லாவில் உட்கார்ந்தபடியே குளுக்கோமீட்டரில் பார்த்தேன். 312 காட்டியது. பயந்துபோய் மதியச் சோற்றைத் தள்ளிவிட்டேன். யாரையும் கேட்காமல் ஒரு மாத்திரையும் கூடுதலாகப் போட்டுக்கொண்டேன். நாலு மணிக்கு உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம். பில்லில் கூட்டல் ஓடவில்லை. நல்ல வேளை, எங்கள் கணக்குப்பிள்ளைக்கும் சர்க்கரை உண்டு, விவரம் தெரிந்தவர். என் கையைக் கழுவிவிட்டுப் பார்த்தார், 54. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தார். 70க்குக் கீழே இறங்கினால் செய்ய வேண்டியது இதுதான். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மறுநாள் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "குத்துறதுக்கு முன்னாடி கையைக் கழுவினீங்களா?" என்பதுதான். விரலில் ஒட்டியிருந்த வெல்லம் ரத்தத் துளியில் கலந்து அளவை ஏற்றிக் காட்டியிருக்கிறது. பலசரக்கு, பழம், மிட்டாய்க் கடைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்த வேண்டும். அழுத்திப் பிழியக் கூடாது. ஸ்ட்ரிப் டப்பாவை ஈரம், வெயில் படாமல் மூடி வைக்க வேண்டும். காலாவதித் தேதியும் பார்க்க வேண்டும். என் மாத்திரை இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் வகை. அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தது இரண்டாவது தவறு.

நம்மில் பலர் காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துத் திருப்தி அடைகிறோம். கடை திறக்கும்போது கல்லா இருப்பை எண்ணுவது போலத்தான் அது. பகல் வரவு செலவு அதில் தெரியாது. சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்தும் பார்க்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, பின்பு 180க்குள் என்பது பொதுவான இலக்கு. வயதானவர்களுக்கு டாக்டர் சற்றுத் தளர்த்திச் சொல்வதுண்டு.

எச்.பி.ஏ.1.சி. சோதனை சுமார் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும். பலருக்கு 7 சதவீதத்துக்குள் இருக்கச் சொல்வார்கள். அது ஐந்தொகை மாதிரி. எந்த நாளில் நட்டம் என்று ஐந்தொகை சொல்லாது, சிட்டைதான் சொல்லும். ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, மணி, அளவு, சாப்பிட்டது, போட்ட மாத்திரை எல்லாம் எழுதி வருகிறேன். வாரம் மூன்று நாள் பார்க்கிறேன். இரண்டு மாதத்தில் விஷயம் பிடிபட்டது. சந்தை நாட்களில் நாலு மணிக்குச் சாப்பிட்டு, அதற்கு முன்பே டீயும் வடையும் போகும். அன்றெல்லாம் 240. மற்ற நாட்களில் 160. நோட்டைப் பார்த்த டாக்டர் மாத்திரையைக் கூட்டவில்லை; ஒன்றரை மணிக்குக் கல்லாவைப் பையனிடம் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகச் சொன்னார்.