இடித்தாலும் எழுந்த ஊர்!

புதுச்சேரியை ஒரு காலத்தில் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள் தெரியுமா குட்டீஸ்?

இந்த ஊரின் கதை ரொம்பப் பழசு. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு வெளிநாட்டு வணிகம் நடந்தது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டிப் பார்த்தபோது ரோமானிய மதுச்சாடித் துண்டுகளும் மணிகளும் கிடைத்தன.

1674-ல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் குடியேறினர். 1693-ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தனர். கட்டம் போட்ட நோட்டுபோல நேர் நேராகத் தெருக்களுக்குத் திட்டம் வரைந்தவர்கள் அவர்கள்தான். 1699-ல் ஊர் மறுபடியும் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது.

பிறகுதான் பெரும் சோதனை! 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி, கடலூரில் ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தார். ஆங்கிலேயர் சும்மா இருப்பார்களா? புதுச்சேரியை முற்றுகையிட்டனர். மக்கள் உணவில்லாமல் தவித்தனர். 1761 ஜனவரியில் ஊர் சரணடைந்தது. கோட்டையையும் வீடுகளையும் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினர். கோட்டை இருந்த பகுதியில்தான் இன்று பாரதி பூங்கா இருக்கிறது.

1763-ல் உடன்படிக்கை ஏற்பட்டு, 1765-ல் ஊர் திரும்பக் கிடைத்தது. பழைய தெருக்களின் வரிசையிலேயே புது வீடுகள் எழுந்தன. அதன்பிறகும் பலமுறை கைமாறிய புதுச்சேரி, 1954 நவம்பர் 1-ல் இந்தியாவோடு சேர்ந்தது. 1962-ல் அது சட்டப்படி உறுதியானது.

அடுத்த முறை அங்கே போனால், ஏதாவது ஒரு தெருமுனையில் நின்று நேராகப் பாருங்கள். பீரங்கிகளால் வீடுகளைத்தான் இடிக்க முடிந்தது. தெருக்களின் கோடு அப்படியே இருக்கிறது!